திருப்பதியில் பறிபோன பர்ஸ் யார் கணக்கில்?

இரவு ஒன்பது மணி. திருப்பதி ரயில் நிலையம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பெரியவர்கள், லட்டுப் பைகள், மடியில் தூங்கும் குழந்தைகள். காட்பாடி வழியாகப் போகும் வண்டிக்காகக் காத்திருக்கும் கூட்டத்தில் ஒருவர் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறார். பிறகு கால்சட்டைப் பையை. பிறகு மனைவியின் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டுகிறார். பர்ஸ் இல்லை.

எங்கே போயிற்று? மலையிலிருந்து இறங்கிய பஸ்சிலா, டிக்கெட் கவுண்டர் வரிசையிலா, ஸ்டேஷன் வாசலில் மூட்டைகளை இறக்கியபோதா? அவருக்கே தெரியாது.

"போலீசில் ஒரு பிராது எழுதிக் கொடுத்துவிடுங்களேன், அண்ணே" என்கிறார் பக்கத்தில் நிற்பவர்.

"வண்டி கிளம்ப இருபது நிமிஷந்தான் இருக்கு, தம்பி. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்காகப் பெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ராத்திரி இங்கே உட்கார முடியுமா? உண்டியலில் போட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்."

வண்டி கிளம்பிவிடுகிறது. ஸ்டேஷன் ஊழியர்களுக்கும், எதிரே இட்லிக் கடை வைத்திருப்பவர்களுக்கும் இது புதிய காட்சி இல்லை. இப்படிப் போகிற பர்ஸ்களில் எத்தனை போலீஸ் ரிக்கார்டில் ஏறுகின்றன என்று கேட்டால் சிரிப்பார்கள்.

"ஊர் எப்படி, சார்?"

சித்தூருக்கோ திருப்பதிக்கோ மாற்றல் உத்தரவு வாங்கிய குமாஸ்தா முதலில் விசாரிப்பது வீட்டு வாடகையை. அடுத்த கேள்வி, "ஊர் எப்படி, சார்?" என்பது. குடும்பத்தை அழைத்து வரலாமா, பெண்ணை டியூஷனுக்குத் தனியே அனுப்பலாமா, இரவு ஷிப்டு முடிந்து நடந்து வரலாமா என்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம். திருப்பதி லாட்ஜுகளிலும் ஓட்டல்களிலும் வேலைக்கு வரும் பையன்கள், சித்தூர் மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் பருவ வேலைக்கு வரும் பெண்கள், ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளுக்கு வரும் ஐ.டி.ஐ. படித்த இளைஞர்கள் எல்லாருடைய வீட்டாரும் இதையேதான் கேட்கிறார்கள்.

பதில் சொல்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. "கோவில் ஊர், பயமே வேண்டாம்" என்பது ஒன்று. "ரௌடிகள் ஊர், ஜாக்கிரதை" என்பது மற்றொன்று. கொஞ்சம் படித்தவர்கள் மூன்றாவதாக, "குற்ற விகிதம் எவ்வளவு என்று பாருங்கள், தெரிந்துவிடும்" என்பார்கள். அந்தக் குற்ற விகிதத்தைத்தான் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் குற்றக் கணக்குப் புத்தகம் 1953-ஆம் ஆண்டு விவரங்களிலிருந்து வருஷந்தோறும் வெளியாகிறது. 1986-இல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஏற்பட்ட பிறகு அந்தக் காப்பகம் இதைத் தயாரிக்கிறது. ஒரு லட்சம் ஜனத்தொகைக்கு எத்தனை வழக்குகள் பதிவாயின என்பதுதான் குற்ற விகிதம். வகுத்தல் கணக்கு, அவ்வளவே. மேலே வழக்குகள், கீழே மக்கள் தொகை.

அந்தப் புத்தகத்தில் நகரங்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. அதில் இடம் பெறுபவை 20 லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை கொண்ட 19 பெருநகரங்கள். சென்னை உண்டு, ஐதராபாத் உண்டு. சித்தூரையும் திருப்பதியையும் தேடினால் கிடைக்காது. சிறிய ஊர்களின் கதை மாவட்டக் கணக்குக்குள் முங்கிப் போகிறது. மாவட்டமாவது நிலையாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. 2011 கணக்கெடுப்பில் 41 லட்சத்து 74 ஆயிரம் பேர் இருந்த பழைய சித்தூர் மாவட்டம் 2022 ஏப்ரல் 4 அன்று பிரிந்தது. நெல்லூர் மாவட்டத்துப் பகுதிகளையும் சேர்த்துக்கொண்டு திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மதனப்பள்ளிப் பக்கம் அன்னமய்யா மாவட்டத்துக்குப் போயிற்று. இனி, "சித்தூரில் பத்து வருஷத்தில் குற்றம் பாதியாகக் குறைந்துவிட்டது" என்று யாராவது எண்களைக் காட்டினால், குறைந்தது குற்றமா மாவட்டமா என்று கேட்க வேண்டும். அதற்கு முன்பும் 'சித்தூர்', 'திருப்பதி நகரம்' என்று போலீஸ் நிர்வாகம் இரண்டு மாவட்டங்களாக இருந்தது. கலெக்டர் ஒருவர், போலீஸ் சூப்பிரண்டுகள் இருவர். கணக்கும் இரண்டு.

வந்து போகிறவர்கள்

திருப்பதி விஷயத்தில் இன்னொரு வில்லங்கம். 2011 கணக்கின்படி திருப்பதி நகராட்சி எல்லைக்குள் வசித்தவர்கள் சுமார் 2 லட்சத்து 87 ஆயிரம் பேர். திருமலையில் தரிசனம் செய்கிறவர்களோ நாளொன்றுக்கு 60 ஆயிரம் முதல் 80 ஆயிரம் பேர். ஊர் ஜனத்தொகையில் நாலில் ஒரு பங்கு அளவுக்குத் தினமும் புது முகங்கள் வந்து போகின்றன. இவர்களில் ஒருவருடைய நகை பறிபோய், அவர் பிராதும் கொடுத்தால், வழக்கு மேலே ஏறும். அவர் மட்டும் கீழே ஜனத்தொகையில் இருக்க மாட்டார். அவர் பெயர் இருப்பது ஆரணியிலோ கும்பகோணத்திலோ.

இந்த வேடிக்கை திருப்பதிக்கு மட்டும் உரியதன்று. ரோம் நகரத்துக்குள் இருக்கும் வாடிகன் ஒரு தனி நாடு. நிரந்தரமாக வசிப்பவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. மாதா கோவிலையும் சித்திரங்களையும் பார்க்க ஆண்டுதோறும் பல லட்சம் பேர் வருகிறார்கள். அவர்களைத் தேடி ஜேப்படிக்காரர்களும் வருகிறார்கள். ஆகவே தலைக்கு இத்தனை குற்றம் என்று வகுத்துப் பார்த்தால், உலகத்திலேயே குற்றம் மலிந்த நாடு போப்பாண்டவர் வசிக்கும் நாடு என்று விடை வரும். அந்த விடையை நம்பி யாரும் வாடிகனுக்குப் போக அஞ்சுவதில்லை.

மறுபக்கம், பிளாட்பாரத்தில் பர்ஸைத் தொலைத்துவிட்டு வண்டி ஏறிப் போனாரே, அவரைப் போன்றவர்கள். இவர்களால் கணக்கு குறைகிறது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக நேரமில்லை, பாஷை தெரியாது, வழக்கு என்றால் திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்குமோ என்ற பயம். யாத்திரை ஸ்தலத்தில் திருடுகிறவனுக்கு இவை மூன்றும் நன்றாகத் தெரியும்.

அப்படியே அவர் பிராது கொடுத்திருந்தால்? ஸ்டேஷன் எல்லைக்குள்ளோ ரயிலிலோ நடந்த திருட்டு, ரயில்வே போலீசுக்கு உரியது. தேசியக் கணக்குப் புத்தகத்தின் ஆந்திரப் பட்டியலில் 'குந்தக்கல் ரயில்வே', 'விஜயவாடா ரயில்வே' என்று தனித் தலைப்புகள் இருக்கின்றன. ஆக, திருப்பதி ஸ்டேஷனில் பறிபோன பர்ஸ் திருப்பதி ஊர்க் கணக்கில் சேராது. பத்தடி தள்ளி, ஸ்டேஷனுக்கு வெளியே ரோட்டில் போயிருந்தால் ஊர்க் கணக்கு. மலைமேல் போயிருந்தால் திருமலைப் போலீஸ். எங்கே தொலைத்தோம் என்றே தெரியாதவர் எந்த வாசலில் போய் நிற்பது?

2024 ஜூலை 1 முதல் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்த நாள் அது. புதிய ஏற்பாட்டில் 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடுவது, போலீசார் தாமாகவே வழக்குப் பதிந்து புலன் விசாரிக்கும் குற்றங்களின் வரிசையிலிருந்து இறங்கிவிட்டது. பிராதைக் குறித்துக்கொண்டு மாஜிஸ்திரேட்டைப் பார்க்கச் சொல்லலாம். முதல் தடவை அகப்பட்டவன் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. சின்னத் திருட்டுக்காக ஏழைப் பையனை ஜெயிலில் போட வேண்டாம் என்ற நல்ல எண்ணம் இதில் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் நம் நண்பருடைய ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், அவர் வண்டியை விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருந்தாலும், குற்றக் கணக்கில் ஏறியிருப்பது சந்தேகமே. மாதச் சம்பளக்காரனுக்கு ஆயிரத்து ஐந்நூறு என்பது ஒரு வாரத்துக் காய்கறியும் பாலும்.

டில்லியில் இதற்கு நேர் எதிராக ஒன்று நடந்தது. 2015-லிருந்து வாகனத் திருட்டுப் புகார்களை வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் பதிவு செய்யலாம் என்று வசதி வந்தது. திருட்டு எண்ணிக்கை மளமளவென்று ஏறிற்று. அந்த வருஷம் டில்லித் திருடர்கள் கூடுதலாக உழைத்தார்கள் என்று அர்த்தமா? குற்றம் கூடுவது வேறு, குற்றப் பதிவு கூடுவது வேறு என்று காப்பகமே தன் புத்தகத்தில் எச்சரிக்கிறது. புத்தகத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை.

சித்தூருக்கு வந்த பெயர்

சித்தூர் என்றதும் பலருக்கு நினைவு வருவது 2015 நவம்பர் 17. பட்டப்பகலில், மாநகராட்சி அலுவலகத்துக்குள்ளேயே மேயர் கட்டாரி அனுராதா கொல்லப்பட்டார். அவருடைய கணவர் மோகனும் தாக்கப்பட்டு இறந்தார். வந்தவர்கள் பர்தா அணிந்து வந்தார்கள் என்ற செய்தி நாடு முழுவதும் பரவியது. முக்கிய எதிரி நெருங்கிய உறவினரே. வழக்கு பத்து வருஷம் நடந்து, 2025 அக்டோபரில் சித்தூர் நீதிமன்றம் ஐந்து பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது.

திருப்பதிக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. 2003 அக்டோபர் 1 அன்று அலிபிரியில், அப்போதும் முதலமைச்சராக இருந்த சந்திரபாபு நாயுடுவின் கார்மீது நக்சல்கள் கண்ணிவெடி வைத்தார்கள். அவர் காயத்தோடு தப்பினார்.

இவை பெரிய குற்றங்கள். பத்து வருஷம், இருபது வருஷம் கழித்தும் ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆனால் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தங்கி, காலையில் ஆபீஸ் போய் மாலையில் திரும்பும் குமாஸ்தாவுக்கு இவற்றால் என்ன? மேயரைக் கொன்றவர்கள் மேயரைத் தேடி வந்தவர்கள். அரசியல் பகையும் குடும்பப் பகையும் கலந்த கொலையிலிருந்து, தெருவில் நடந்து போகிறவனுக்கு எவ்வளவு ஆபத்து என்று அளக்க முடியாது. அதை அளக்க வேண்டுமானால் இரவு ஷிப்டு முடிந்து வரும் பெண்களைக் கேட்க வேண்டும். எந்தத் தெருவில் விளக்கு எரிகிறது, எந்த ஒயின் ஷாப் வாசலைச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது, எந்த ஸ்டாண்டு ஆட்டோக்காரர் வீட்டு வாசல்வரை வந்து இறக்கிவிடுவார் என்று அவர்கள் கை விரலில் எண்ணிச் சொல்வார்கள். வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர், வீட்டுக்காரரிடம் விசாரிப்பதைவிட அந்தத் தெருவில் குடியிருக்கும் ஒரு நர்ஸம்மாவிடம் விசாரிப்பது மேல்.

சாவு வரும் வழிகளைப் பார்த்தாலும் குற்றப் பட்டியல் போதாது. 2025 ஜனவரி 8 இரவு, வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கனுக்காகத் திருப்பதியில் பைராகிப்பட்டெடா அருகே திரண்ட கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் மாண்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன பெண்மணியும் அவர்களில் ஒருவர். அரசு நீதி விசாரணைக்கு உத்தரவிட்டது. இந்த ஆறு உயிர்கள் கொலைக் கணக்கில் வருவதில்லை. 2022 மார்ச்சில் பாகராப்பேட்டை மலைப்பாதையில் நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர்களின் பஸ் பள்ளத்தில் உருண்டது. 2024 செப்டம்பரில் மொகிலி மலைப்பாதையில் பஸ்சும் லாரியும் மோதின. அந்த உயிர்களுக்கு வேறு புத்தகம், விபத்துப் புத்தகம். சித்தூர் ரோடுகளில் இரவு பஸ்சில் போய் வருகிறவர்கள் கத்தியைவிடப் பயப்பட வேண்டியது தூங்கி வழியும் டிரைவருக்கு.

செம்மரமும் தமிழரும்

இதுவரை சொன்னது களவு கொடுத்தவர்கள் கதை. இந்தப் பக்கத்தில் நம்மவர்கள் எதிரிகள் பட்டியலிலும் இருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் சித்தூர், திருப்பதியின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சு.

சேஷாசலம் மலைத்தொடரில் செம்மரம் விளைகிறது. சித்தூர், கடப்பா, நெல்லூர், கர்நூல் பக்கத்துக் காடுகளை விட்டால் இயற்கையாக வளரும் இடம் மிகக் குறைவு. வெளிநாடுகளில் நல்ல விலை. ஆகவே கடத்தல். கடத்தல்காரன் காட்டுக்குள் போவதில்லை. அவன் அனுப்புவது ஜவ்வாது மலையிலும், கல்வராயன் மலையிலும், தர்மபுரி சித்தேரி மலையிலும் வேலையில்லாமல் இருக்கும் மரவெட்டிகளை. உள்ளூர்த் தரகர் வந்து முன்பணம் கொடுப்பார். ஊரில் மாதக்கணக்கில் உழைத்தாலும் கிடைக்காத கூலியைச் சில நாளில் தருவதாகச் சொல்வார். சிலரிடம் கட்டட வேலை என்றும் சொல்வதுண்டு. ஆயிரக்கணக்கானோர் கைதாகி ஆந்திரச் சிறைகளைப் பார்த்துவிட்டார்கள். மரத்தை வாங்கியவர்கள் அந்த அளவுக்கு அகப்பட்டதாகத் தெரியவில்லை.

2013 டிசம்பரில் காட்டுக்குள் இரண்டு வனத்துறை அதிகாரிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களும் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள், அவர்களுக்கும் வீடு வாசல் இருந்தது. அந்தக் கொலைக்குப் பிறகு ஆந்திர அரசின் பிடி இறுகியது. செம்மரக் கடத்தல் தடுப்பு அதிரடிப் படை வந்தது.

2015 ஏப்ரல் 7 விடியற்காலை, சந்திரகிரிக்கு அருகே சேஷாசலம் காட்டில் இரண்டு இடங்களில் அந்தப் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் தமிழர்கள். திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் மாவட்டங்களில் மலைக்கிராமத்துக் குடிசைகளுக்கு இருபது பிணங்கள் போய்ச் சேர்ந்தன. கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். காட்டிலேயே பிடிபடவில்லை, வழியில் பஸ்சிலிருந்து இறக்கி அழைத்துப் போனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தில் சொன்னார்கள். இறந்தவர் ஒருவரின் மனைவி கொடுத்த மனு ஐதராபாத் உயர் நீதிமன்றத்தை எட்டிய பின், சந்திரகிரி போலீசில் அதிரடிப் படையினர்மீதே கொலை வழக்குப் பதிவாயிற்று. இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 5 லட்சம் ரூபாய் தரவும், சி.பி.ஐ. விசாரிக்கவும் ஆணையம் அந்த ஆண்டே பரிந்துரை செய்தது.

அந்த வாரம் தமிழ்நாட்டில் ஆந்திர பஸ்களின்மீது கல் விழுந்தது. பஸ் போக்குவரத்து நின்றது. சித்தூரிலும் திருப்பதியிலும் இருந்த நம்மவர்கள் ஊருக்குப் போகவும் முடியாமல், இங்கே வாய் திறந்து தமிழ் பேசவும் தயங்கி அறைக்குள் கிடந்தார்கள். மூன்று வருஷம் கழித்து, 2018 பிப்ரவரியில், கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து தமிழ்த் தொழிலாளர்களின் உடல்கள் மிதந்தபோது மறுபடியும் அதே பேச்சு, அதே தயக்கம்.

செம்மர வழக்குகளில் முக்கியமாகப் பாய்வது 1967-ஆம் ஆண்டு ஆந்திர வனச் சட்டம். 2016-இல் திருத்தம் செய்து அதன் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். மாநிலச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்கள் தேசியப் புத்தகத்தில் தனிப் பகுதியில் போய்விடும். திருட்டு, கொள்ளை என்று நாம் பார்க்கும் பட்டியலில் அவை தெரியாது. பட்டியலில் தெரியாவிட்டாலும் பஸ்சில் தெரிகிறது. வேலூரிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வரும் பஸ்சில், தோளில் துணிப்பையும் காலில் ரப்பர் செருப்புமாக நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்திருந்தால், சோதனைச் சாவடியில் ஏறும் போலீஸ்காரர் கண் முதலில் அவர்கள்மேல்தான் விழும். கட்டட வேலைக்குப் போகிற கொத்தனாரும் சித்தாளும் தாங்கள் யார் என்று நிரூபித்தாக வேண்டும். பாண்ட் போட்ட குமாஸ்தாவை யாரும் கேட்பதில்லை.

இத்தனைக்கும் இது அந்நிய சீமையன்று. சித்தூர் 1911-இல் தனி மாவட்டமாவதற்கு முன் வடஆர்க்காட்டைச் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1-இல் எல்லைக் கோடு மாறித் திருத்தணி நம் பக்கம் வந்தது. சித்தூர், நகரி, புத்தூர், குப்பம் அந்தப் பக்கமே நின்றன. சித்தூர்க் கடைத்தெருவில் இன்றும் பாதி வியாபாரம் தமிழில் நடக்கிறது. சப்-இன்ஸ்பெக்டருக்கே தமிழ் புரியும். ஆனால் எழுதுவது தெலுங்கில்.

எழுதி வாங்குகிற வழி

இங்கேதான் நம்மவர்கள் சிலவற்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

எந்தப் போலீஸ் ஸ்டேஷன் எல்லை என்று தெரியாவிட்டால் பாதகமில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பெற்றாக வேண்டும். பிறகு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது அவர்கள் பொறுப்பு. மின்னஞ்சல் போன்ற வழிகளிலும் அனுப்பலாம். மூன்று நாளைக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் ஒன்று இலவசம். நகலைக் கையில் வாங்காமல் திரும்பக் கூடாது. வாங்க மறுத்தால் போலீஸ் சூப்பிரண்டுக்குத் தபாலில் எழுதலாம், அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்.

புகாரைத் தமிழிலேயே தெளிவாக எழுதி ஒரு பிரதி வைத்துக்கொண்டு, தெலுங்கு தெரிந்த நண்பர் ஒருவரையும் அழைத்துப் போவது நலம். அவர்கள் எழுதியதைப் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுப் புரிந்த பிறகே கையெழுத்து. பர்ஸ் போயிற்று என்றால், "பணம் 1,500" என்று மட்டும் எழுதிவிட்டு வருகிறார்கள். பர்ஸில் இருந்த ஏ.டி.எம். கார்டு, ஆதார், உடன் போன செல்போன் எல்லாவற்றையும் மதிப்போடு எழுத வேண்டும். செல்போன் சேர்ந்தால் பெரும்பாலும் 5,000 தாண்டிவிடும். கழுத்துச் சங்கிலியையோ கைப்பையையோ பிடுங்கிக்கொண்டு ஓடியிருந்தால் அது வெறும் திருட்டு ஆகாது. பறிப்பு என்று புதுச் சட்டத்தில் 304-ஆவது பிரிவு தனியாக இருக்கிறது. அதை 'காணாமல் போனது' என்று எழுதச் சொன்னால் சம்மதிக்கக் கூடாது. தொலைந்த செல்போனை யாரும் உபயோகிக்க முடியாதபடி 'சஞ்சார் சாத்தி' மூலம் தடுத்து வைக்கலாம். அதற்கும் புகார் நகல் தேவை.

தரிசன டிக்கெட், அறை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கறக்கும் போலி இணையதளங்களும் தரகர்களும் இப்போது ஜேப்படிக்காரர்களை மிஞ்சிவிட்டார்கள். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு நம்மவர்கள் இதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணம் வழியிலேயே தடைபட வாய்ப்புண்டு. மற்ற ஆபத்துக்கு 112. பெண்களுக்கு 181.

சந்தேகத்தின்பேரில் பிடிக்கப்பட்டவர்களுக்கும் சட்டம் சில பாதுகாப்புகளைக் கொடுத்திருக்கிறது. ஏன் கைது என்று காரணம் சொல்ல வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். காவலில் இருப்பவர் யாராயினும் இலவசமாக வக்கீல் கேட்கலாம். சட்ட உதவிக்கு 15100. வேலைக்கு வரும் தொழிலாளி மேஸ்திரியின் பெயரையும் போன் நம்பரையும், வேலை நடக்கும் இடத்தின் விலாசத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதன் நகலை வீட்டிலும் விட்டுவிட்டு வருவது நல்லது. விலாசம் சொல்ல மறுக்கும் மேஸ்திரியோடு பஸ் ஏறக் கூடாது. 2015-இல் இறந்தவர்களின் வீட்டாரில் பலருக்கு, மனிதர் எந்த ஊருக்குப் போனார் என்பதே டெலிவிஷன் பார்த்துத்தான் தெரிந்தது.

ரயிலைப் பொறுத்தவரை, பயணி தன்னோடு வைத்திருக்கும் சாமான் திருட்டுப் போனால் ரயில்வே நஷ்டஈடு தர வேண்டியதில்லை. ரயில்வே ஊழியரின் கவனக்குறைவால் போயிற்று என்று நிரூபித்தால்தான் உண்டு. இடுப்பு பெல்ட்டில் கட்டியிருந்த ஒரு லட்சம் ரூபாயைப் பறிகொடுத்தவரின் வழக்கில் 2023 ஜூனில் உச்ச நீதிமன்றமும், பொருளைக் காப்பது பயணியின் பொறுப்பே என்று சொல்லிவிட்டது. நஷ்டஈடு இல்லாவிட்டாலும் வழக்கு உண்டு. அதற்காக யாரும் வண்டியை விட வேண்டியதில்லை. ஓடும் ரயிலிலேயே 139-க்குப் போன் செய்யலாம். டி.டி.இ.யிடமும் கார்டிடமும் முதல் தகவல் அறிக்கைப் படிவம் இருக்கும். கேட்டு வாங்கிப் பூர்த்தி செய்து கொடுத்தால், போலீஸ் இருக்கும் அடுத்த ஸ்டேஷனில் அதைச் சேர்ப்பிக்க வேண்டியது அவர்கள் கடமை. பயணி இறங்கவே வேண்டாம்.

ஒன்பது மணி வண்டியில் ஏறிய அந்தக் குடும்பத்தின் பெட்டிக்கும் டி.டி.இ. வந்திருப்பார். டிக்கெட்டைப் பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போயிருப்பார்.